எழுத்தில் உத்தரவு இல்லாமல் எவரையும் அனுப்ப முடியாது: எல்லையோர வாசகர் கேள்வி–பதில்

புனலூர், கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு, மூணாறு, நகரி என்று எல்லையோர ஊர்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘திருப்பி அனுப்புவது’ பற்றியவை. எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டவரை அனுப்பும் அதிகாரம் அரசுக்கு உண்டு. ஆனால் அவர் வெளிநாட்டவர்தானா என்ற விசாரணையும், எழுத்தில் உத்தரவும், அதற்குப் பதில் சொல்ல அவகாசமும் இல்லாமல் அனுப்பும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் இல்லை.

கேள்வி: என் பெற்றோர் சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1976-இல் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, பிறகு இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். நான் 1981-இல் புனலூரில் பிறந்தேன். தம்பி பிறந்தது 1989. வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பில் அப்பாவின் பெயர் ஒத்துவரவில்லை என்கிறார்கள். “சிலோன்காரங்களத் திருப்பி அனுப்பிடுவாங்க” என்று பக்கத்து லயத்தில் பேச்சு. அனுப்ப முடியுமா? என்ன காகிதம் வைத்திருக்க வேண்டும்?
– வாசகி, குளத்துப்புழை

பதில்: முடியாது. நீங்கள் அகதியும் அல்ல, வெளிநாட்டவரும் அல்ல. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் இரு அரசுகள் பேசி முடித்தன. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களை யாரும் கேட்கவில்லை என்ற குறை நியாயமானது. ஆனாலும் அப்படி வந்தவர்கள், இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(ஆ) பிரிவில் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டு, இந்தியக் கடவுச்சீட்டுடன்தான் கப்பலேறினார்கள். புனலூர் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தை 1976-இல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து தொடங்கியதே அவர்களுக்கு வேலை தரத்தான்.

உங்கள் விஷயத்தில் இரட்டைப் பாதுகாப்பு இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், தாய் தந்தை யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமக்கள். தூதர் பிள்ளை போன்ற ஓரிரு விலக்குகள் உங்களுக்குப் பொருந்தாது. தம்பிக்கு விதி வேறு. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஆகவே தம்பிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஆணிவேர், அப்பா அம்மாவின் காகிதம்தான்.

தேட வேண்டியவை: பெற்றோரின் இந்தியக் கடவுச்சீட்டு (ராமேஸ்வரம் வருகை முத்திரை உள்ள பக்கம் முக்கியம்), குடியுரிமைப் பதிவுச் சான்று, தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, தோட்ட நிறுவனத்தின் பணிப்பதிவேட்டு நகல், வருங்கால வைப்புநிதிக் கணக்குத் தாள், உங்கள் பள்ளி அட்மிஷன் ரெஜிஸ்டர் நகல். குடும்ப அட்டை பெரும்பாலும் மூத்த பிள்ளையின் வீட்டுப் பெட்டியில்தான் கிடக்கும். அதை வைத்துச் சண்டை போடாமல், எல்லாப் பக்கங்களையும் வண்ணத்தில் நகலெடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதத்துக்கு லேமினேஷன் வேண்டாம். மை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முத்திரை உண்மையானதா என்று தடவிப் பார்க்கும் அதிகாரிக்கும் சந்தேகம் வரும்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது பெயர்ச் சிக்கல். இலங்கைப் பிறப்புச் சான்றில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னொன்று, இங்கே மலையாளத்தில் எழுதியபோது மூன்றாவது. இனிஷியல் முன்னால் இருந்தது பின்னால் போயிருக்கும். இதற்குக் கேரளத்தில் வழி இருக்கிறது: அட்சயா மையத்தில் (அரசின் இணையச் சேவை மையம்) விண்ணப்பித்தால், வில்லேஜ் ஆபீஸ் விசாரணைக்குப் பிறகு ‘இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே’ என்ற சான்று தருவார்கள். எந்தெந்த ஆவணத்தில் எந்தெந்த எழுத்துக்கூட்டல் என்று ஒரு தாளில் அட்டவணையாக எழுதிக் கொடுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.

உங்கள் பிறப்பு பதிவாகாமல் இருந்தால், முதலில் நகரசபையில் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வாங்க வேண்டும். ஓராண்டு கடந்த பிறப்புகளை முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் உத்தரவோடு பதிந்தார்கள். 2023 அக்டோபர் 1 முதல் மாவட்ட ஆட்சியர், உட்கோட்ட நடுவர் அல்லது ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவர் உத்தரவு போதும். ஆதார் இதற்கெல்லாம் மாற்று அல்ல. அது அடையாளச் சான்று. குடியுரிமைக்கு அத்தாட்சி ஆகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டால் குடியுரிமை போய்விட்டது என்று பொருள் இல்லை. நீக்கிய உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அதிலிருந்து 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அவர் முடிவிலிருந்து 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. பலர் தோற்பது ஆதாரம் இல்லாமல் அல்ல, இந்த 15 நாளைத் தவறவிட்டுத்தான். உத்தரவு கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள்.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஹாலோபிளாக் யார்டு வைத்திருக்கிறேன். வங்காளி பேசும் ஒரு பையனை ‘பங்களாதேஷ் ஆள்’ என்ற சந்தேகத்தில் போலீஸ் அழைத்துப் போனது. அவன் ஊர் மேற்கு வங்கம் என்கிறான். நான் என்ன செய்யலாம்? தலையிட்டால் எனக்குச் சிக்கலா?
– தொழில் செய்பவர், பாலக்காடு மாவட்டம்

பதில்: தலையிடுங்கள். ஆவணத்தோடு போய் உண்மையைச் சொல்பவருக்குச் சிக்கல் இல்லை. தெரிந்தே ஒளித்து வைப்பவருக்குத்தான் சிக்கல். கூலிப் பதிவேடு, வேலைக்குச் சேர்ந்த தேதி, அவர் கொடுத்த அடையாள நகல், கேரளத் தொழிலாளர் துறையின் அதிதி போர்ட்டலில் பதிந்திருந்தால் அந்த எண் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: கைது செய்திருக்கிறீர்களா, விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்களா? கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவின் இந்தப் பாதுகாப்பு, எதிரி நாட்டவரையும் தடுப்புக்காவல் சட்டங்களில் பிடிபட்டவரையும் தவிர எல்லோருக்கும் உண்டு. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவும் ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘நபர்’ என்கிறது.

இரண்டாவது, ஊர் விசாரணை. மத்திய உள்துறை 2025 மே 2-இல் அனுப்பிய அறிவுறுத்தலின்படி, பங்களாதேஷ் அல்லது மியான்மர்காரர் என்று சந்தேகிக்கப்படுபவர் தன்னை இந்தியர் என்று சொன்னால், அவர் சொல்லும் மாநிலத்துக்கு விவரம் அனுப்பி 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். அங்குள்ள போலீஸ் போய்ப் பார்க்க ஒரு சரியான முகவரி இருக்காது. பையனிடம் கிராமம், அஞ்சலகம், காவல் நிலைய எல்லை, பிளாக், மாவட்டம், பஞ்சாயத்து உறுப்பினர் பெயர், படித்த பள்ளி, தந்தை வழித் தாத்தாவின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். வீட்டாரை அழைத்து, 2002 வாக்காளர் பட்டியலில் பெற்றோர் பெயர் உள்ள பக்கம், நிலப் பட்டா, பள்ளிச் சான்று ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவற்றை ஒரு மனுவோடு இணைத்து ஸ்டேஷனில் கொடுத்து ரசீது பெறுங்கள். வாட்ஸாப்பில் மட்டும் அனுப்பினால் பின்னால் ‘வரவே இல்லை’ என்பார்கள்.

இந்தச் சரிபார்ப்பைத் தாண்டிக் குதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2025-இலேயே உதாரணம் உண்டு. டெல்லியில் வேலை செய்த, மேற்கு வங்கம் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணிப் பெண் ஒருவர், குடும்பத்தோடு ஜூன் மாதம் பங்களாதேஷுக்குள் தள்ளப்பட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் அந்த வெளியேற்றத்தை ரத்து செய்து, அவசர அவசரமாக அனுப்பியதைக் கண்டித்து, நான்கு வாரத்தில் திரும்ப அழைத்துவரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை போய், டிசம்பரில்தான் அவர் திரும்பினார். ஒரு மாதச் சரிபார்ப்பை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பெண்ணின் கர்ப்பகாலமே அந்நிய நாட்டில் கழிந்தது. நடைமுறை என்பது குற்றவாளிக்குக் கொடுக்கும் சலுகை என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். நடைமுறை இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது காகிதம் குறைந்த ஏழைக் குடிமகன்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘நான் வெளிநாட்டவன் அல்ல’ என்று நிரூபிக்கும் பொறுப்பை நம் சட்டம் சம்பந்தப்பட்டவர் மீதே வைத்திருக்கிறது. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்திலிருந்த இந்த விதி, 2025 செப்டம்பர் 1 முதல் அமலிலுள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் 2024 ஜூலையில் ஓர் அசாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை கட்டியது: சந்தேகத்துக்கு அடிப்படையான ஏதாவது ஆதாரம் அதிகாரியின் கையில் முதலில் இருக்க வேண்டும், அதைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்ட வேண்டும், பெயரில் சிறு எழுத்து வேறுபாடு இருப்பதை வைத்து ஒருவரை அந்நியராக்கக் கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்கு மனு கொடுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியாவிட்டால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அதை நீங்களும் போடலாம். ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் என் சித்தப்பா குடும்பம் இலங்கைக்குத் திரும்ப நினைக்கிறது. 1990-இல் படகில் வந்தவர்கள். முறை என்ன? போனால் அங்கே பிடிப்பார்களா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: திரும்புவது அவர்கள் விருப்பம், அதை அவசரப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு, விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டனை விதிகளிலிருந்து 2025-ஆம் ஆண்டுக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் விலக்கு தரப்பட்டுள்ளது. இது குடியுரிமை தராது. ஆனால் ‘இருந்தால் ஜெயில்’ என்று பயமுறுத்துவோருக்கு இதுதான் பதில்.

வழக்கமான வரிசை இது: முகாம் வழியாக மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கு விருப்பக் கடிதம், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம், இந்தியத் தரப்பில் வெளியேறும் அனுமதி. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவி கிடைக்கும் காலங்களில், விருப்பத்தின் பேரில்தான் போகிறார்களா என்பதை அவர்கள் தனியாகப் பேசி உறுதி செய்வார்கள். பெரியவர்களின் காகிதத்தைவிட, இங்கே பிறந்த பிள்ளைகளின் காகிதம்தான் அதிகம் இழுக்கும். அவர்களின் பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமைச் சான்று வாங்காமல் விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். பள்ளி, கல்லூரிச் சான்றுகளுக்கு இங்கேயே அட்டெஸ்டேஷன் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு அதற்காகத் திரும்பி வர முடியாது.

பிடிப்பார்களா என்ற கேள்வி பொய்ப் பயம் அல்ல. அனுமதியில்லாத இடத்திலிருந்து படகில் வெளியேறியது இலங்கைக் குடிவரவுச் சட்டப்படி குற்றம். 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய 75 வயது முதியவரை இந்தக் காரணத்துக்காகவே கைது செய்தார்கள். பெரிய எதிர்ப்புக்குப் பிறகு விதியை மாற்றுவதாக அந்நாட்டு அரசு சொன்னது. ஆகவே புறப்படும் தேதிக்கு முன், அப்போதைய நிலையைத் துணைத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துக் கேட்டால், படிவம் தமிழில் இருக்க வேண்டும், நகல் வேண்டும், வீட்டில் பேசி முடிவு சொல்ல நாள் வேண்டும். 1992-இல் முகாம்களிலிருந்து ஆட்களை அனுப்பத் தொடங்கியபோது, கட்டாயப்படுத்தி அனுப்புகிறார்கள் என்று பழ.நெடுமாறனும் டாக்டர் ராமதாஸும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். ஐ.நா. ஆணையம் விருப்பத்தைச் சரிபார்க்கிறது என்பதை ஏற்று நீதிமன்றம் அந்த வழக்கை முடித்தது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: சரிபார்க்க வருபவரிடம் பேசும் அந்தச் சில நிமிடங்கள்தான் பாதுகாப்பு. மனத்தில் தயக்கம் இருந்தால் அப்போதே, அவரிடமே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. சித்தப்பா மலையகத்தைச் சேர்ந்தவரா, குடும்பத்தில் யாராவது 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவரா என்று பாருங்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு தரும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அப்படி ஒரு வாசல் இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிப் பார்க்காமல், திரும்பும் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: இந்தியா அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. அப்படியென்றால் உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கும் அனுப்பலாமா? ஐரோப்பாவில் எப்படி?
– கல்லூரி மாணவி, மூணாறு

பதில்: 1951 ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, உண்மை. நம் நீதிமன்றங்கள் இரண்டு குரலில் பேசியிருக்கின்றன. வெளியேற்றும் அதிகாரம் வரம்பற்றது என்று 1955-இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த சக்மா மக்கள் வழக்கில் 1996-இல் அதே நீதிமன்றம், குடிமகன் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்றது. 2021-இல் மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிகள் வழக்கில், தங்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்று சொல்லிவிட்டு, ஆனாலும் உரிய நடைமுறை இல்லாமல் அனுப்பக் கூடாது என்றது. எங்கள் கருத்தில் 1996 தீர்ப்பே அரசியல் சட்டத்தின் மனசுக்கு நெருக்கமானது. ஆனால் வழக்கில் உறுதியாக நின்று வாதாட 2021-இன் கடைசி வரிதான் இன்றைக்குக் கையில் இருக்கும் கருவி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுத் திருப்பியனுப்பல் விதிப்படி, உத்தரவு காரணங்களோடு எழுத்தில் வர வேண்டும்; தானாகப் புறப்பட 7 முதல் 30 நாள்; காவல் 6 மாதம், மிஞ்சினால் இன்னும் 12 மாதம்; மீண்டும் நுழையத் தடை பொதுவாக 5 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இதைக் கடுமையாக்கும் முன்மொழிவு 2025 மார்ச்சில் வந்தது. பிரிட்டன் தஞ்சம் கேட்டவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பத் திட்டமிட்டபோது, அங்கிருந்து அவர்கள் ஆபத்துள்ள சொந்த நாட்டுக்கே தள்ளப்படும் அபாயம் உண்டு என்று 2023 நவம்பர் 15-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தடுத்தது.

நம்மவர்கள் கதையும் ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன படகு பழுதாகி, இலங்கைத் தமிழர்கள் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமுள்ள டியாகோ கார்சியா தீவில் சிக்கினார்கள். ராணுவத் தளத்துக்குள் வேலியிட்ட கூடாரங்களில் மூன்று ஆண்டு. அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: என் அக்கா வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். கஃபீல் (விசா எடுத்துக் கொடுத்த முதலாளி) பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார். ஆறு மாதமாகச் சம்பளம் இல்லை. வீட்டைவிட்டு ஓடிவந்து அவுட்பாஸில் ஊர் திரும்பலாமா?
– வாசகி, நகரி

பதில்: ஓடுவதற்கு முன் ஒரு நாள் யோசிக்கச் சொல்லுங்கள், அடி, உதை, வேறு ஆபத்து என்றால் யோசிக்காமல் நேராகத் தூதரகம். வெறுமனே தெரிந்தவர் அறைக்கு ஓடிப்போனால், கஃபீல் ‘ஓடிப்போனாள்’ என்று புகார் பதிவார். அதன்பின் சம்பளப் பாக்கி கேட்கும் இடத்திலிருந்து குற்றம் சாட்டப்பட்ட இடத்துக்கு அவர் போய்விடுவார். தூதரகத்தில் முதலில் புகார் பதிந்தால் வரிசை மாறும்.

குவைத்தின் 2015-ஆம் ஆண்டு 68-ஆம் எண் வீட்டுப் பணியாளர் சட்டப்படி, ஒப்புதலில்லாமல் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது தவறு. நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வாரம் ஒருநாள் ஓய்வு. ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் பணிமுடிவுத் தொகை. அக்காவின் சிவில் ஐடி எண், கஃபீலின் முழுப்பெயர், வீடு இருக்கும் பகுதி, பிளாக், தெரு எண், பாஸ்போர்ட் நகல் இவற்றை நீங்கள் இங்கிருந்து வெளிநாட்டிலுள்ள இந்தியர் புகார்களுக்கான வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் பதியலாம். பிளாக் எண் இல்லாத புகார் அப்படியே நின்றுவிடும்.

அவுட்பாஸ் என்று சொல்லப்படும், தூதரகம் தரும் அவசரச் சான்று ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். அதன் மேலும் குவைத்தின் வெளியேற்ற அனுமதி வேண்டும். ஓடிப்போன புகார் ரத்தாகாமல் நாடுகடத்தலில் வந்தால் கைரேகை பதிவாகிவிடும். திரும்ப அந்நாட்டுக்குள் நுழைய முடியாது. சீட்டுக்குப் பணமில்லாவிட்டால் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தரும்படி எழுதிக் கேட்கலாம். புறப்படும் முன் ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற அரபுத் தாளில் கையெழுத்திட வேண்டாம். வழக்கைத் தொடர, தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். விமானம் ஏறிய பிறகு அதைச் செய்வது மிகக் கடினம்.

விசிட் விசாவில் துபாய் வழியாக அனுப்பிய ஏஜென்ட் என்றால் அவர் மீது இங்கே புகார் கொடுங்கள். குவைத் போன்ற, குடியகல்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு 30 வயதுக்குட்பட்ட பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்பவே கூடாது. பதிவு பெற்ற ஏஜென்டும் 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் வாங்கக் கூடாது.

கேள்வி: சவூதியிலிருந்து திரும்பிவிட்டேன். தாய்மொழி தமிழ், ரேஷன் கார்டு கேரளம். நோர்க்கா கடன் கிடைக்குமா?
– வாசகர், குமுளி

பதில்: நோர்க்கா என்பது வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பு. மொழி தடையில்லை. இரண்டு ஆண்டாவது வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியிருக்க வேண்டும். 30 லட்சம் ரூபாய் வரையான தொழில் திட்டத்துக்கு 15 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 3 லட்சம். தவணை தவறாமல் கட்டினால் முதல் நான்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டி மானியம். பாஸ்போர்ட்டில் வருகை, புறப்பாடு முத்திரைகள் உள்ள எல்லாப் பக்கங்களும் நகலாக வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள்தான் இரண்டு ஆண்டுக் கணக்கைக் காட்ட முடியாமல் திரும்புகிறார்கள். கட்டணமில்லா எண் 1800 425 3939.